நீண்ட நாள் உழைக்கும் வால்வு ப்ரீஆம்ப்பைத் தேர்ந்தெடுப்பது

வால்வு ப்ரீஆம்ப் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "வால்வு எத்தனை வருஷம் வரும்?" என்றுதான். கடைக்காரரிடம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இது பழுதானால் பெரம்பலூரில் யாரால் திறந்து பார்க்க முடியும்?" வால்வு கழற்றி மாட்டும் பொருள், ஓய்ந்துபோனால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். நல்ல ப்ரீஆம்ப்புகளைப் பரணுக்கு அனுப்புபவை வேறு. கருகிய டிரான்ஸ்பார்மர், வறண்டுபோன கண்டன்சர், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு ஐ.சி., சர்க்யூட் படத்தைத் தர மறுக்கும் கம்பெனி. இந்த நான்கையும் மனத்தில் வைத்துத் தேர்வு செய்தால் இருபது ஆண்டு உழைக்கும் பெட்டி கிடைக்கும்.

நம் பகுதிக்கு வால்வு புதிய சங்கதி இல்லை. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது அதைக் கேட்கப் பயன்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் வால்வு ரேடியோக்கள். அதன் பிறகும் பல காலம், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக்செட்காரர்களிடம் இருந்தவை வால்வு ஆம்ப்ளிபயர்கள்தான். புழுதியிலும் பந்தல் வெக்கையிலும் அவை தாக்குப்பிடித்ததற்கு நுணுக்கமான தொழில்நுட்பம் காரணமில்லை. தாராளமான டிரான்ஸ்பார்மர், கையால் சால்டர் வைத்த உள்வேலை, மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. ஊர் மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய முடிந்தது. அதனால் அது சாகவில்லை. வீட்டு ஹைஃபைக்கு வாங்கும் ப்ரீஆம்ப்பிலும் இதே குணங்களைத் தேடச் சொல்கிறேன்.

ப்ரீஆம்ப் செய்யும் வேலை சிறியது. சிடி பிளேயர், டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் டாக், ரேடியோ, இசைத்தட்டுப் பெட்டி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒலி அளவைக் கூட்டிக் குறைத்து, பவர் ஆம்ப்புக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரைத் தள்ளும் வேலை அதற்கு இல்லை. எனவே அதன் வால்வுகள் சில மில்லிஆம்பியர் மின்னோட்டத்திலேயே ஓடுகின்றன. பவர் ஆம்ப்பின் பெரிய வால்வுகள் சீக்கிரம் தேய்வதும், ப்ரீஆம்ப் வால்வுகள் பல ஆண்டுகள் நிற்பதும் இதனால்தான்.

வால்வின் ஆயுள்

வால்வின் நடுவே நிற்கும் கேத்தோடு ஒரு மெல்லிய நிக்கல் குழல். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு இருக்கும். உள்ளே இருக்கும் ஹீட்டர் அதைச் சுமார் 700 முதல் 800 டிகிரி வரை சூடாக்கும்போது எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அந்தப் பூச்சுத் தீர்ந்தால் வால்வின் காலம் முடிந்தது. சூடு அளவுக்கு மேல் போனால் பூச்சு ஆவியாகும். சூடு போதாவிட்டால், கண்ணாடிக்குள் மிச்சமிருக்கும் வாயுக்கள் பூச்சைக் கெடுக்கும். ஆக, ஹீட்டர் வோல்டேஜ் சரியாக இருப்பதே வால்வுக்கு ஆயுள்.

வால்வு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு ஒரு கடலடிக் கேபிள் சாட்சி. 1956-ல் ஸ்காட்லாந்தின் ஓபனுக்கும் கனடாவின் கிளாரன்வில்லுக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தொலைபேசிக் கேபிளைப் போட்டார்கள். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் குரலைப் பெருக்கி அனுப்பும் 51 ரிப்பீட்டர்கள், ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் மூன்று வால்வுகள், மொத்தம் 306. கடலுக்கடியில் போய் மாற்ற முடியாது என்பதால் பெல் ஆய்வகத்தார் அவற்றைக் குறைந்த சூட்டில், குறைந்த மின்னோட்டத்தில் ஓடும்படி வடிவமைத்தார்கள். 1978-ல் கேபிளுக்கு ஓய்வு கொடுக்கும் வரை 22 ஆண்டுகளில் ஒரு வால்வுகூடச் செத்துப் போகவில்லை. ப்ரீஆம்ப் வாங்கும்போதும் வால்வை அதன் எல்லைக்குள் நிதானமாக ஓட்டும் வடிவமைப்பா என்று பாருங்கள். இசிசி83 வால்வுக்கு ஆனோடு வோல்டேஜ் எல்லை 300. அதற்குள் இருக்கும் இரண்டு பாதிகளில் ஒவ்வொன்றுக்கும் 1 வாட். அதை 180, 200 வோல்டில் ஓட்டும் பெட்டி, 290-ல் ஓட்டும் பெட்டியைவிட நிம்மதியானது.

நம் வீட்டு வால்வுகள் கடலடி வால்வுகள் இல்லை. நீண்ட ஆயுளுக்கென்றே செய்யப்பட்ட இ88சிசி வகைக்குத் தயாரிப்பாளர்கள் சொன்ன கணக்கு 10,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது ஒன்பது ஆண்டு. சாதாரண இசிசி83-க்கு 5,000 மணி என்று வைத்தாலும் நாலரை ஆண்டு வரும். "எப்போதும் ஆனிலேயே வையுங்கள், அணைத்து அணைத்துப் போட்டால்தான் கெடும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பத்தாயிரம் மணி வால்வு பதினான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். கேட்கும்போது போடுங்கள், எழுந்து போகும்போது அணையுங்கள். ஒரு நாளில் பத்து முறை போட்டு அணைக்காமல் இருந்தால் போதும்.

எந்த வால்வு போட்ட பெட்டி?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இசிசி83, இசிசி82, 6எஸ்என்7, இசிசி88 ஆகிய நான்கில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பயன்படுத்தும் ப்ரீஆம்ப்பை வாங்குங்கள். இசிசி83-ஐ அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பார்கள், இசிசி82-ஐ 12ஏயூ7 என்பார்கள், இரண்டும் ஒன்றேதான். கிதார் ஆம்ப்ளிபயர்களுக்கு உலகம் முழுக்க இவை வேண்டியிருப்பதால் இன்னும் தயாரிப்பில் இருக்கின்றன. ஸ்லோவாகியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் நகரத் தொழிற்சாலை, சீனாவின் சாங்ஷா நகர நிறுவனங்கள் என்று இன்றைக்குப் பெரிய அளவில் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது வால்வு விலை உலகெங்கும் ஏறியது. மூன்று நாட்டிலும் கிடைக்கும் வகையை வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம் அடைபட்டாலும் இன்னொரு பக்கம் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஒரே நாட்டிலிருந்து வரும் அபூர்வ வால்வைச் சுற்றிக் கட்டிய பெட்டி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் இருபது ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவராது.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பிலிப்ஸ் தொழில்நுட்ப உதவியோடு ரேடியோ வால்வுகளைச் செய்த காலம் ஒன்று இருந்தது. 'பெல்' என்று அச்சிட்ட அந்த வால்வுகள் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாக்களில் இப்போதும் அகப்படும். நல்ல வால்வுகள் அவை. கிடைத்தால் சோதித்து வாங்குங்கள். ஆனால் அந்த இருப்பை நம்பிப் புதுப் பெட்டி வாங்காதீர்கள். தீர்ந்தால் மீண்டும் வராது.

பெயர் ஒத்திருப்பதை நம்பி வால்வு மாற்றுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இசிசி88-க்குப் பதிலாக ரஷ்ய 6என்1பி-யைப் போடலாம் என்பார்கள். கால்கள் பொருந்தும், பாட்டும் வரும். ஆனால் முன்னதன் ஹீட்டர் இழுப்பது 365 மில்லிஆம்பியர்; பின்னது 600. நான்கு வால்வு மாற்றினால் டிரான்ஸ்பார்மர் தலையில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் கூடுதல் சுமை. வெயில் காலத்தில் அது காயிலை வேகவைத்துவிடும்.

இன்னொன்று, கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு. இன்றைய சிடி பிளேயரும் டாக்கும் 2 வோல்ட் தருகின்றன. பவர் ஆம்ப்புகளுக்கு ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் போதும். இசிசி83-இன் பெருக்கம் 100. அதை முழுக்கப் பயன்படுத்தும் ப்ரீஆம்ப்பில் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும். குமிழின் தொடக்கப் பகுதியில் இடமும் வலமும் சமமாக வராது. இரைச்சலும் கூடத் தெரியும். இசைத்தட்டுக் கேட்க வேண்டுமென்றால் அந்த ஃபோனோ பகுதிக்கு இசிசி83 சரி. மற்றவற்றுக்கு இசிசி82-வோ 6எஸ்என்7-ஓ போதுமானது. வாங்குவதற்கு முன் உங்கள் பவர் ஆம்ப்பின் இன்புட் எத்தனை கிலோஓம் என்று பாருங்கள். ப்ரீஆம்ப்பின் அவுட்புட் ஓம் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

கரண்ட்

நம் மாவட்டங்களில் ப்ரீஆம்ப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஊர்களில் வீட்டுக்கு வரும் கரண்டும் கிணற்று மோட்டாருக்குப் போகும் கரண்டும் பல இடங்களில் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகின்றன. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்; எல்லாம் நின்ற நடுச்சாமத்தில் ஏறும். விதிப்படி 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 216 முதல் 244 வரை. வீட்டில் உண்மையில் வருவது எவ்வளவு என்பதை நீங்களே அளந்தால்தான் தெரியும். ஒரு மல்டிமீட்டரை வாங்கி, காலை, மதியம், பாட்டுக் கேட்கும் இரவு நேரம், நடுச்சாமம் என்று சில நாட்களுக்குக் குறித்து வையுங்கள். ப்ரீஆம்ப் வாங்குவதற்கு முந்திய முதல் வேலை இதுவே.

அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரின் பிரைமரியைப் பாருங்கள். 220 வோல்டுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 250 வோல்ட் வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.16 வோல்ட் போகும். வால்வைச் சீக்கிரம் கொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. பிரைமரியில் 220, 230, 240 என்று டேப் எடுத்து வைத்திருந்தால் உங்கள் வீட்டுக்கு ஏற்றதை மாற்றிக்கொள்ளலாம். 240 டேப்பில் அதே 250 வோல்ட் 6.56 ஆகிவிடும், அது பரவாயில்லை. ஹீட்டர் 6.0-க்கும் 6.6-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் அமெரிக்கப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இடையில் ஒரு ஸ்டெப்-டவுன் வைக்கலாம். ஆனால் யாராவது ஒருவர் ஒருநாள் நேராகச் சுவரில் சொருகிவிடுவார்.

சில ப்ரீஆம்ப்புகள் ஹீட்டருக்கு ரெகுலேட்டர் வைத்து டிசி கொடுக்கின்றன. உறுமல் குறையும், வோல்டேஜ் ஏறினாலும் வால்வுக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடு. வைத்திருப்பது எல்எம்317, 7812 போன்ற மூன்று கால் ஐ.சி.யாக இருந்தால் இன்னும் நல்லது. டிவி மெக்கானிக் கடையிலேயே கிடைக்கும். வோல்டேஜ் மிகவும் இறங்கும்போது ரெகுலேட்டருக்கு மேல்மிச்சம் இல்லாமல் போய்ப் பாட்டோடு உறுமல் சேர்ந்து வரும். அது வால்வுக் கோளாறு என்று எண்ணி வால்வை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டெபிலைசரில் ரிலே வகை டக்டக்கென்று படி மாறும். ஒவ்வொரு மாற்றமும் ஸ்பீக்கரில் கேட்கலாம். செர்வோ வகை மெதுவாக நகரும், பாட்டுக்கு அது மேல். ப்ரீஆம்ப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சைன் அலை தரும் சிறிய கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் ஒன்றே போதும். திடீர் மின்னழுத்த எழுச்சியையும் அது தடுத்துவிடும். அதுவே முனகும், சூடாகும். எனவே பாட்டுக் கேட்கும் அறையில் வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் அலையா, சதுர அலையா என்று பார்க்க வேண்டும். சதுர அலையில் ப்ரீஆம்ப் டிரான்ஸ்பார்மர் கிர்ரென்று சத்தம் போட்டுச் சூடாகும். கரண்ட் போன நேரத்தில் பாட்டுக் கேட்காமல் இருப்பது அதைவிட மேல்.

கோடை இடிமழைக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே விதி: வானம் உறுமத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. செட்டாப் பாக்ஸிலிருந்து ஆடியோ ஒயர் ப்ரீஆம்ப்புக்கு வந்தால் அதையும் கழற்றுங்கள். கேபிள் டிவி ஒயர் தெருவிலிருந்து மின்னல் அதிர்ச்சியை நேராக உள்ளே கொண்டுவரும். எர்த் கம்பியில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 300 வோல்ட் டிசி இருக்கும் உலோகப் பெட்டிக்கு மூன்றாவது பின் அலங்காரம் இல்லை.

வெயிலும் கண்டன்சரும்

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்ல வற்றும். சூடு பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. கண்டன்சர் மேல் "85 டிகிரி" என்றோ "105 டிகிரி" என்றோ அச்சிட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் வெளிவெக்கையே 40 டிகிரி. வால்வு எரியும் பெட்டிக்குள் 65 இருக்கலாம். 85 டிகிரியில் 2,000 மணி நேரத்துக்கு உத்தரவாதமான கண்டன்சர் 65 டிகிரியில் நான்கு மடங்கு, அதாவது 8,000 மணி உழைக்கும். தினம் மூன்று மணி நேரம் என்றால் ஏழு ஆண்டு. 105 டிகிரியில் 5,000 மணிக்கு உத்தரவாதமானதோ பதினாறு மடங்கு, 80,000 மணி. நடைமுறையில் ரப்பர் அடைப்பு முதலில் முதுமையடைவதால் அவ்வளவு வராது என்றாலும், இருபது ஆண்டைத் தொடும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெட்டியின் விலையில் துளி. அதையும் மிச்சம் பிடித்த கம்பெனியின் பெட்டியை வாங்காதீர்கள்.

வோல்டேஜ் எல்லையும் முக்கியம். டிரான்ஸ்பார்மர் 250 வோல்ட் ஏசி தந்தால், வால்வு சூடாகி மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும் வரை கண்டன்சரில் 354 வோல்ட் நிற்கும். வீட்டில் 230-க்குப் பதில் 250 வந்த இரவில் அது 384. 350 வோல்ட் கண்டன்சர் போட்ட பெட்டி ஐரோப்பாவில் பிழைக்கலாம். வோல்டேஜ் ஏறும் நம் கிராமத்து இரவில் பிழைக்காது. 450 வோல்ட் இருக்க வேண்டும். இந்த அளவு கண்டன்சர்கள் மாற்றக் கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். கண்ணூரில் கெல்ட்ரான், நாசிக்கில் ஆல்கான் என்று இந்தியாவிலேயே கண்டன்சர் செய்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் எல்லா அளவும் கிடைக்கும்.

கண்டன்சர்கள் வால்வுகளிலிருந்தும் சூடான ரெசிஸ்டர்களிலிருந்தும் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள். வால்வுக்கு ஒட்டி நிற்கும் கண்டன்சர், வெயிலில் நிறுத்திய வாடகை சைக்கிளின் டியூப் மாதிரி, சீக்கிரம் போய்விடும். பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். தகரக் கூரையின் கீழ் அறை என்றால் மதிய நேரத்தில் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

டிரான்ஸ்பார்மரும் காயில் கட்டும் கடையும்

வெளிநாட்டு ஆடியோ வழிகாட்டி நூல்கள் டொராய்டல் டிரான்ஸ்பார்மரைப் பாராட்டும். வளையம் போன்ற வடிவம், குறைந்த உறுமல், சிறிய உருவம். எல்லாம் உண்மை. ஆனாலும் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ வாழ்பவருக்கு நான் சொல்வது, தகடு அடுக்கிய பழைய இ-ஐ வகை டிரான்ஸ்பார்மர். விவசாய மோட்டார் எரிந்தால் காயில் கட்டித்தரும் கடை நம் ஊர்கள் பலவற்றில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பலருக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றவும் தெரியும். இ-ஐ டிரான்ஸ்பார்மரைத் தகடு தகடாகக் கழற்றி, பாபினில் எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கேஜ் கம்பியில் அவர்கள் மீண்டும் கட்டிவிடுவார்கள். டொராய்டல் வளையத்துக்குள் கம்பியை நுழைத்து நுழைத்துச் சுற்ற அதற்கென்று மெஷின் வேண்டும். கையால் கட்டுவது பெரும் பாடு.

வாங்கிய புதிதில், பெட்டி நன்றாக ஓடும்போதே, டிரான்ஸ்பார்மரின் ஒவ்வொரு ஒயரிலும் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதி வைத்துவிடுங்கள். எரிந்த பிறகு அந்தக் கணக்கு கிடைக்காது. கம்பெனி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மீண்டும் கட்டக் கொடுக்கும்போது உயர் வோல்டேஜ் தரும் ஹெச்.டி. சுற்றுக்கு ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே இன்சுலேஷன் பேப்பர் வைக்கவும், முடித்த பிறகு வார்னிஷில் ஊறவைத்துச் சூட்டில் காயவைக்கவும் கேளுங்கள். மோட்டார் காயில் கட்டுபவருக்கு வார்னிஷ் வேலை அத்துப்படி. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே செம்புத் தகடு ஒரு சுற்று இருந்திருந்தால் அதையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அதன் முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் டிரான்ஸ்பார்மர் ஷார்ட் ஆகிவிடும்.

உள்வேலை

மூடியைக் கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். உள்ளே டேக் ஸ்ட்ரிப்பில் கையால் கோத்த ஒயரிங் இருந்தால் எந்த மெக்கானிக்கும் பார்க்க முடியும். பிசிபி இருந்தாலும் குற்றமில்லை. தடித்த பலகையும் அகலமான செம்புத் தடங்களுமாக, வால்வு சாக்கெட் தனியே சேசிஸில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சாக்கெட்டையே பலகையில் நட்டு வைத்தால், ஒவ்வொரு முறை வால்வு மாற்றும்போதும் பலகை வளைந்து சால்டர் விரிசல் விடும். ஆனோடு ரெசிஸ்டருக்குக் கீழே பலகை பழுப்பேறியிருந்தால் அங்கே சூடு தங்குகிறது.

வால்யூம் குமிழ் நல்ல மூடிய வகையாக இருக்கட்டும். ஆல்ப்ஸ் நீலப்பெட்டி என்று சொல்வது பரவலாகக் கிடைக்கிறது. கரகரப்பு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட், டிஸ்ப்ளே, மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ரிலேக்களால் ஒலியளவு மாற்றும் பெட்டிகள் வசதியானவைதான். ஆனால் அந்தப் பலகையின் புரோகிராம் கம்பெனியிடம் மட்டுமே இருக்கும். பத்தாண்டு கழித்து அது செத்தால் நல்ல வால்வும் நல்ல டிரான்ஸ்பார்மரும் இருந்தும் பெட்டி ஊமை. முதியவர்களுக்காக ரிமோட் வேண்டுமென்றால், குமிழை மோட்டார் திருப்பும் வகையை வாங்குங்கள். மோட்டார் போனாலும் கையால் திருப்பலாம்.

அரியலூரில் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் லாரிச் சாலைகளும் பக்கத்தில் இருப்பவர்கள் தூசியைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். நுண்தூசி சாக்கெட்டில் படிந்து மழைக்கால ஈரத்தில் ஊறினால் 250 வோல்ட் முனைக்கும் கிரிடு முனைக்கும் இடையே கசிவு ஏற்படும். படபடவென்று வெடிப்புச் சத்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான். உலர்ந்த பெயின்ட் பிரஷால் ஆண்டுக்கு இரண்டு முறை தட்டிவிட்டால் போதும். பல்லிக்கும் எறும்புக்கும் வெதுவெதுப்பான பெட்டி பிடிக்கும். பல்லி ஹெச்.டி. முனையில் விழுந்தால் அதோடு பியூஸும் ரெசிஸ்டரும் போகும். காற்றுத் துளைகள் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு மேல் இருந்தால் உட்புறம் உலோக வலை ஒட்டுங்கள்.

பழைய பெட்டி வாங்குவது

மராண்ட்ஸ் 7 என்ற ப்ரீஆம்ப் 1958-ல் வந்தது. ஆறு இசிசி83 வால்வுகள். இன்றைக்கும் உலகில் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. சாதாரண வால்வு, வெளிப்படையான சர்க்யூட், மாற்றக்கூடிய பாகங்கள் என்பதால் அது தப்பிப் பிழைத்தது. அமெரிக்காவில் ஏராளமாக விற்ற டைனகோ பாஸ் வகை ப்ரீஆம்ப்பில் ஹீட்டருக்கு டிசி தரும் செலினியம் ரெக்டிஃபையர் வயதாக வயதாகச் சோர்ந்து ஹீட்டர் வோல்டேஜை இறக்கிவிடும். வால்வு ஓய்ந்துவிட்டது என்று எண்ணி வால்வை மாற்றியவர்கள் அநேகம். மலிவான சிலிக்கான் டயோடும் ஒரு ரெசிஸ்டரும் போட்டால் சரியாகிவிடும். பழைய பெட்டியில் செலினியத்தையும் மெழுகுக் காகிதக் கண்டன்சரையும் கண்டால், மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வால்வைப் பார்க்கும் விதம் இது. கண்ணாடியின் உள்ளே தலைப்பக்கம் வெள்ளிப் பளபளப்பு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். பெட்டியை ஓடவிட்டு ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டிங்கென்று மணிபோல் ஒலித்தால் அந்த வால்வு ஃபோனோ பகுதிக்கு ஆகாது; மற்ற இடத்தில் போடலாம். ஒவ்வொரு வால்வின் கேத்தோடு ரெசிஸ்டரிலும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளப்பதே சரியான சோதனை. 1.5 கிலோஓம் ரெசிஸ்டரில் 1.5 வோல்ட் இருந்தால் ஒரு மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். இந்த எண்களை நோட்டில் எழுதி ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டால், வால்வு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று சத்தத்தில் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அளப்பவர் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுத் தொடட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் நிற்கும். அதை வடிக்க ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இருந்தாலும் நம்பாதீர்கள்; இன்சுலேஷன் போட்ட முனைகளோடு 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டன்சருக்குக் குறுக்கே சில நொடிகள் பிடித்து, மீட்டரில் பத்து வோல்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள். பெட்டி ஓடும்போது அளந்தால் ஒரு கை சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். பழைய டிவி பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. பிக்சர் டியூப்பின் வோல்டேஜைக் கையாண்டவர்கள் அவர்கள். செல்போன் மட்டும் பார்க்கும் இளைஞரிடம் கொடுத்தால் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

எதை வாங்கலாம்?

கம்பெனிப் பெயரைச் சொல்வதைவிட வகையைச் சொல்கிறேன். இரண்டு முதல் நான்கு வால்வுகள், இசிசி82 அல்லது 6எஸ்என்7. இ-ஐ டிரான்ஸ்பார்மர், பிரைமரியில் டேப். 105 டிகிரி, 450 வோல்ட் கண்டன்சர்கள். கையால் திருப்பும் வால்யூம். சர்க்யூட் படம் காகிதத்தில். இவ்வளவும் உள்ள பெட்டி எளிமையாகத்தான் தோற்றமளிக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். டெல்லியின் லைரிட்டா, புனேயின் கேடன்ஸ் போல இந்தியாவிலேயே வால்வு ஆடியோ செய்தவர்கள் இருக்கிறார்கள். உள்நாட்டில் வாங்கினால் கஸ்டம்ஸ் தொல்லை இல்லை, செய்தவரோடு போனில் பேசலாம், 230 வோல்டுக்கென்றே கட்டியிருப்பார்கள். பாகங்களைக் கிட்டாக வாங்கி நல்ல மெக்கானிக்கை வைத்துக் கட்டுவது எனக்கு இன்னும் பிடித்த வழி. கட்டியவரே உள்ளூரில் இருந்தால் அடுத்த இருபது ஆண்டுக்கான சர்வீஸ் சென்டரும் அங்கேயே இருக்கிறது.

பெட்டியோடு சேர்த்து ஒரு முழு செட் உதிரி வால்வு, ஒரு சாக்கெட், நாலைந்து பியூஸ், ஹெச்.டி. கண்டன்சரைத் தவிர மற்ற சிறு கண்டன்சர்களில் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் மட்டும் வேண்டாம். அது ஓடாமல் கிடந்தாலும் கெடும், தேவைப்படும்போது புதிதாக வாங்கலாம். வால்வு அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் கெடாது, அட்டைப் பெட்டியோடு வையுங்கள். வாங்கிய வாரத்திலேயே உதிரி வால்வுகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் கடைக்காரர் மாற்றித்தருவது அந்த வாரம்தான். ஏழாம் ஆண்டில் மாற்றித்தர மாட்டார்.